இரண்டு எஃகைச் சேர்த்த தகடு பிரஸ்ஸில் எங்கே கிழியும்?

கார்க் கதவின் உள்தகட்டில் கீல் பொருந்தும் பக்கத்துக்குத்தான் வேலை அதிகம். கதவின் எடை முழுவதையும் அது தாங்குகிறது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் விசை அங்கேதான் இறங்குகிறது. மீதிப் பகுதி கண்ணாடி ஏறி இறங்கும் அமைப்பையும் ஒலிபெருக்கியையும் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். கீல் பக்கத்துக்காக முழுக் கதவையும் கனத்த தகட்டில் செய்தால் வண்டியின் எடை வீணாகக் கூடும். முழுக்க மெல்லிய தகட்டில் செய்தால் கீல் பக்கம் தாங்காது. அப்போது தனியாக ஒரு வலுவூட்டல் துண்டைச் செய்து, அதற்கென்று இன்னொரு டை (பிரஸ்ஸில் தகட்டுக்கு உருவம் கொடுக்கும் அச்சு) செய்து, பிறகு இரண்டையும் ஸ்பாட் வெல்டிங்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

இதற்கு இன்னொரு வழி உண்டு. தகடுகள் தட்டையாக இருக்கும்போதே, கனத்ததையும் மெல்லியதையும் விளிம்போடு விளிம்பாக வைத்து லேசரால் பற்றவைத்து ஒரே தகடாக்கிவிடுவது. அப்புறம் அந்தத் தகட்டைப் பிரஸ்ஸில் வைத்து ஒன்றாகவே உருவம் கொடுப்பது. பிரஸ்ஸுக்குள் போவதற்காக அளவாக வெட்டிய தட்டைத் தகட்டைப் பிளாங்க் என்பார்கள். இப்படிச் சேர்த்துச் செய்ததற்கு டெய்லர் வெல்டட் பிளாங்க் என்று பெயர். 1985-இல் ஆடி 100 காரின் தரைத் தகட்டுக்காக ஜெர்மனியின் தைசன் நிறுவனம் லேசரால் பற்றவைத்துக் கொடுத்த பிளாங்க்தான் இதன் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. அங்கே காரணம் வேறு: தேவைப்பட்ட அகலத்தில் துத்தநாகம் பூசிய தகடு கிடைக்கவில்லை, அதனால் ஒரே மாதிரியான இரண்டு தகடுகளைச் சேர்த்தார்கள். சேர்த்த தகட்டையும் பிரஸ்ஸில் அழுத்த முடியும் என்று தெரிந்துவிட்ட பிறகு, எதற்கு ஒரே மாதிரித் தகடுகளையே சேர்க்க வேண்டும் என்ற கேள்வி வந்தது. தடிமன் வேறு, வலிமை வேறு, பூச்சு வேறு என்று கலக்க ஆரம்பித்தார்கள். இன்று கதவின் உள்தகடு, கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூண், மோதலின்போது நசுங்கி ஆற்றலை உறிஞ்சும் முன்பக்க நீள்சட்டங்கள் என்று பல இடங்களில் இவை இருக்கின்றன.

சரி, பிரச்சினை எங்கே வருகிறது? தட்டைத் தகட்டுக்கு உருவம் கொடுக்கும்போது அது சில இடங்களில் நீள்கிறது, சில இடங்களில் சுருங்குகிறது, சில இடங்களில் வளைகிறது. கிழியாமலும் சுருக்கம் விழாமலும் எவ்வளவு தூரம் உருமாற முடிகிறதோ, அதுதான் அந்தத் தகட்டின் உருவேற்கும் திறன். ஒரே எஃகாலான தகட்டில் இதைக் கணிப்பது பழகிப்போன வேலை. இரண்டு எஃகைச் சேர்த்த பிளாங்க்கில் கணக்கு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. முதல் பார்வையில் நியாயமே இல்லாதது போலத் தெரியும் ஒரு முடிவு அதில் வரும்.

கிழிந்த பாகத்தைப் பார்த்ததும் பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது வெல்டைத்தான். உருக்கிச் சேர்த்த இடம், கடினமாகிப்போன இடம், ஆகவே அதுதான் பலவீனம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நல்ல லேசர் வெல்டு உள்ள பிளாங்க்குகளில் பெரும்பாலும் கிழிவது வெல்டு அல்ல. அதன் பக்கத்திலுள்ள மென்மையான எஃகு. இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும்.

ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் நடப்பது

ஒரு கனத்த ரப்பர் பேண்டையும் ஒரு மெல்லிய ரப்பர் பேண்டையும் முடிச்சுப் போட்டு இரண்டு முனைகளையும் இழுத்தால், மெல்லியதுதான் நீள்கிறது. கனத்தது கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. இரண்டிலும் ஓடும் விசை ஒன்றேதான். அந்த விசை மெல்லியதை நீட்டப் போதுமானது, கனத்ததை அசைக்கப் போதாது.

எஃகிலும் இதுவே நடக்கிறது, எண்களோடு பார்த்துவிடலாம். மென்மையான பக்கத்துக்கு ஐ.எஃப். எஃகை எடுத்துக்கொள்வோம். கார்பன் மிக மிகக் குறைவாக வைத்து, ஆழமாக இழுத்து உருவம் கொடுப்பதற்கென்றே செய்யும் எஃகு இது. வலுவான பக்கத்துக்கு டிபி600. எஃகின் மென்மையான உள்ளமைப்பான ஃபெரைட்டுக்கு நடுவே, கடினமான உள்ளமைப்பான மார்ட்டென்சைட் தீவுகள் சிதறிக் கிடக்கும், 600 மெகாபாஸ்கல் (அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 600 நியூட்டன்) அளவு இழுவலிமை கொண்ட எஃகு. இரண்டும் 1 மி.மீ. தடிமன். 100 மி.மீ. நீளப் பட்டை ஒன்று. அதில் 50 மி.மீ. ஐ.எஃப்., 50 மி.மீ. டிபி600, நடுவே குறுக்காக வெல்டு. இந்தப் பட்டையை நீளவாக்கில் இழுக்கிறோம்.

எஃகை இழுக்கும்போது அது முதலில் சீராக நீள்கிறது. நீள நீளக் கடினமாகிக்கொண்டும் போகிறது. கடினமாகும் வேகம், மெலிந்துகொண்டு போகும் குறுக்குவெட்டை ஈடுகட்ட முடியாத ஒரு கட்டத்தில், ஓரிடம் மட்டும் ஒடுங்க ஆரம்பிக்கிறது. அதுதான் நெக்கிங். அதற்குப் பிறகு கிழிவது வெறும் நேரத்தின் விஷயம். பொதுவாகக் கிடைக்கும் ஓர் ஐ.எஃப். எஃகு சுமார் 25 சதவீதம் சீராக நீண்ட பிறகு நெக்கிங்குக்கு வரும். அப்போது அது தாங்கும் உச்ச விசை, தொடக்கத்தில் இருந்த குறுக்குவெட்டின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 305 நியூட்டன். 1 மி.மீ. தடிமன், 1 மி.மீ. அகலம் என்றால் 305 நியூட்டன்.

இப்போது டிபி600 பக்கம் வாருங்கள். அது நிரந்தரமாக நீள ஆரம்பிப்பதற்கே சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 350 நியூட்டன் வேண்டும். பட்டையில் ஓடக்கூடிய அதிகபட்ச விசையே 305. ஆகவே ஐ.எஃப். தன் முழுத் திறனையும் தீர்த்துவிட்டு ஒடுங்கும் வரைக்கும் டிபி600 நிரந்தரமாக ஒரு துளிகூட நீளவில்லை. பட்டையின் மொத்த நீட்சி என்ன? ஐ.எஃப். பகுதியின் 50 மில்லிமீட்டரில் 25 சதவீதம், அதாவது சுமார் 12 மி.மீ. டிபி600 பகுதியிலிருந்து எதுவும் இல்லை.

முதல் பார்வையில் நியாயமில்லாததாகத் தெரியும் முடிவு இதுதான். இதே 100 மி.மீ. பட்டை முழுக்க ஐ.எஃப். என்றால் நெக்கிங்குக்கு முன் 25 மி.மீ. நீளும். முழுக்க டிபி600 என்றால்கூடக் கிட்டத்தட்ட 20 மி.மீ. நீளும். இரண்டையும் சேர்த்தால் 12 மி.மீ.தான். சேர்ந்த தகடு, இரண்டில் மோசமானதைவிடவும் மோசம். வெல்டில் குறை ஏதும் இல்லாமலேயே இப்படி. "இரண்டுக்கும் சராசரியாக ஏதோ ஒன்று வரும்" என்று எதிர்பார்த்து டை வடிவமைப்பவர் இங்கேதான் ஏமாந்துபோவார்.

தடிமனை மாற்றினால் என்ன ஆகும்? ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கான விசையைத் தீர்மானிப்பது வலிமையும் தடிமனும் சேர்ந்த பெருக்கல். ஐ.எஃப். பக்கத்தை 1.2 மி.மீ. ஆக்கி, டிபி600 பக்கத்தை 0.8 ஆக்கினால், ஐ.எஃப். 366 நியூட்டன் வரை தாங்கும். டிபி600 பக்கத்தை நகர்த்த 280 போதும். ஆகவே டிபி600 நீள ஆரம்பிக்கிறது. ஆனால் எவ்வளவு? ஒன்றரை சதவீதம்தான். ஐ.எஃப். பக்கத்தை 1.5 மி.மீ. ஆக்கினால் ஆறேழு சதவீதம் வரை வரும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தங்கள் எல்லையைத் தொட வேண்டும் என்றால், மென்மையான எஃகு வலுவானதைப் போல இரண்டு மடங்கு தடிமனாக இருக்க வேண்டும். நடைமுறையில் வடிவமைப்பாளர் கேட்பதோ இதற்கு நேர் எதிர். வலுவான இடத்தில் கனத்த தகடு, லேசான இடத்தில் மெல்லிய தகடு என்பதற்காகத்தானே இந்த ஏற்பாடே! 0.8 மி.மீ. ஐ.எஃப்., 1.6 மி.மீ. டிபி600 என்று வந்துவிட்டால் உச்ச விசைகளின் விகிதம் நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. அப்போது வலுவான பக்கத்திடமிருந்து நீட்சியை எதிர்பார்க்கவே கூடாது.

இந்தக் கணக்கிலிருந்தே இன்னொன்றும் கிடைக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது அதுதான். நீட்சி முழுவதும் மென்மையான பக்கத்திலிருந்துதான் வரப்போகிறது என்றால், அந்தப் பக்கம் எவ்வளவு நீளம் என்பதே மொத்த நீட்சியைத் தீர்மானிக்கிறது. அதே 100 மி.மீ. பட்டையில் வெல்டை நகர்த்தி, ஐ.எஃப். பகுதியை 80 மி.மீ. ஆக்குங்கள்: மொத்த நீட்சி 20 மி.மீ. ஆகிறது. ஐ.எஃப். பகுதி 20 மி.மீ. மட்டும் என்றால் 5 மி.மீ. எஃகு மாறவில்லை, வெல்டு மாறவில்லை, வெல்டு விழுந்த இடம் மட்டுமே மாறியிருக்கிறது. ஒரு பாகம் தொடர்ந்து கிழிந்துகொண்டிருந்தால், எஃகை மாற்றுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வெல்டு கோட்டை எங்கே நகர்த்தலாம் என்று பார்ப்பது நல்லது.

வெல்டு இழுவிசையோடு ஓடினால்

இதுவரை இழுவிசைக்குக் குறுக்காக நிற்கும் வெல்டைப் பார்த்தோம். வெல்டு கோடும் இழுக்கும் திசையும் ஒன்றானால் கதை மாறுகிறது. அப்போது இரண்டு எஃகும் வெல்டும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. மூன்றும் ஒரே அளவு நீண்டாக வேண்டும். யாரும் யாருக்கும் வேலையைத் தள்ளிவிட முடியாது. இங்கே முதலில் எல்லைக்கு வருவது மூன்றில் நீள்திறன் குறைந்தது. பெரும்பாலும் அது வெல்டுதான்.

லேசர் வெல்டு மிகக் குறுகலானது, 1 மி.மீ. அளவுத் தகட்டில் உருகிய பகுதியின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தக் குறுகிய பகுதியைச் சுற்றிலும் குளிர்ந்த எஃகு இருப்பதால் வெப்பம் சட்டென்று இழுக்கப்பட்டு, உருகியது கண நேரத்தில் உறைகிறது. அப்படிக் குளிரும்போது, கார்பன் போதுமான அளவு இருந்தால், மார்ட்டென்சைட் உருவாகிறது. அது எவ்வளவு கடினமாகும் என்பதைக் கார்பன் அளவுதான் தீர்மானிக்கும். ஐ.எஃப். எஃகு இரண்டைச் சேர்த்தால் கார்பன் இல்லாத குறையால் வெல்டு அவ்வளவாகக் கடினமாவதில்லை. டிபி எஃகு இரண்டைச் சேர்த்தால் வெல்டின் கடினம் தாய் உலோகத்தை, அதாவது உருகாத மூலத் தகட்டைத் தாண்டிப் போய்விடும். ஐ.எஃப்., டிபி இரண்டையும் சேர்த்தால் உருகிய குளத்தில் இரண்டின் கார்பனும் கலந்து, இடைப்பட்ட நிலை வருகிறது. கடினம் கூடக் கூட நீள்திறன் குறையும். வெல்டோடு ஓடும் நீட்சியை அது தாங்காது.

கிழிந்த பாகம் கையில் இருந்தால், எது நடந்தது என்பதை விரிசலின் திசையே சொல்லிவிடும். விரிசல் வெல்டுக்கு இணையாக, சற்றுத் தள்ளி, மென்மையான பக்கத்தில் ஓடுகிறதா? அப்படியானால் வெல்டின் மேல் குற்றமில்லை. மென்மையான எஃகின் மேல் வேலை குவிந்திருக்கிறது. விரிசல் வெல்டைக் குறுக்காக வெட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் நீண்டிருக்கிறதா? அப்படியானால் வெல்டு நீள முடியாமல் முதலில் உடைந்து, அங்கிருந்து தாய் உலோகத்துக்குப் பரவியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு வெல்டிங் அளவுகளைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.

விரிசல் வரும் முன்னரே இதைக் கண்டுகொள்ளவும் வழி உண்டு. பிளாங்க்கின் மேல் சின்னச் சின்ன வட்டங்களைப் பொறித்து, பிறகு பிரஸ்ஸில் அழுத்துவார்கள். 1960-களில் கீலர், குட்வின் என்ற இருவரின் வேலையிலிருந்து வளர்ந்த முறை இது. வட்டம் நீள்வட்டமாகிறது, அதன் இரண்டு அச்சுகளை அளந்தால் அந்த இடம் எந்தத் திசையில் எவ்வளவு நீண்டது என்று தெரிந்துவிடும். குறுக்கு வெல்டு உள்ள பிளாங்க்கில் 2.5 மி.மீ. வட்டங்களை வைத்தால், வலுவான பக்கத்தில் அவை ஏறக்குறைய வட்டமாகவே இருக்கும். மென்மையான பக்கத்தில், வெல்டுக்கு அருகே, வெல்டின் திசையில் அதே 2.5 மி.மீ.; அதற்குக் குறுக்கே 3.1, 3.2 என்று நீண்டிருக்கும். வெல்டின் திசையில் அளவு மாறாமல் இருப்பதைக் கவனியுங்கள். பக்கத்திலிருக்கும் வெல்டும் வலுவான எஃகும் சுருங்க மறுப்பதால், அவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மென்மையான எஃகும் அந்தத் திசையில் சுருங்க முடிவதில்லை. ஒரு திசையில் நீண்டு, மறு திசையில் மாறாமல் இருக்கும் இந்த நிலைதான் தகட்டுக்கு மிகவும் ஆபத்தான நிலை. எந்த எஃகின் உருவேற்பு எல்லை வரைபடத்தை (எந்த நிலையில் எவ்வளவு நீட்சி வரை கிழியாமல் தாங்கும் என்று காட்டும் படம்) எடுத்தாலும், எல்லைக் கோடு மிகவும் தாழ்வாக இருப்பது இந்த நிலைக்கு அருகில்தான். ஆகவே மென்மையான பக்கத்துக்கு இரட்டை அடி: வேலையும் அதிகம், எல்லையும் குறைவு.

வலிமை மிகுந்த டிபி980 போன்ற எஃகுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெல்டுக்கு இரண்டு பக்கமும், உருகாமல் சூடு மட்டும் பட்ட பகுதியில், ஏற்கெனவே இருந்த மார்ட்டென்சைட் பதம் தளர்ந்து மென்மையாகிவிடுகிறது. கடினமான வெல்டுக்கும் கடினமான தாய் உலோகத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய மென்கோடு. டிபி980-ஐ டிபி980-ஓடோ அதற்கு நெருக்கமான வலிமையுள்ள எஃகோடோ சேர்த்தால், நீட்சி முழுவதும் அந்தக் கோட்டுக்குள் குவிந்து அங்கேயே கிழியும். ஆனால் அதே டிபி980-ஐ ஐ.எஃப். எஃகோடு சேர்த்தால் இந்த மென்கோடு பெரிதாக உறுத்தாது, ஐ.எஃப். எஃகு அதைவிடவும் மென்மை என்பதால் முதலில் அதுதான் விட்டுக்கொடுக்கும். எந்த எஃகு என்பதைவிட, எதோடு சேர்ந்த எஃகு என்பதுதான் இங்கே கேள்வி.

டையில் செய்யக்கூடியவை

பஞ்ச் (தகட்டை டைக்குள் தள்ளும் அச்சு) தகட்டை அழுத்தும்போது வெல்டு கோடு இருந்த இடத்தில் இருப்பதில்லை. பஞ்ச்சின் முகத்துக்கு மேலுள்ள பகுதியில் மென்மையான பக்கம் நீள்வதால், கோடு வலுவான பக்கத்தை நோக்கி நகர்கிறது. இந்த நகர்வை வெறும் தோற்றப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு வேலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். தவிர, டையில் தடிமன் மாறும் இடத்துக்கென்று ஒரு படி வெட்டியிருப்பார்கள். கோடும் படியும் ஒத்துப்போகாவிட்டால், கனத்த தகடு மெல்லியதற்கான இடைவெளிக்குள் போய் மாட்டிக்கொள்ளும், அல்லது மெல்லிய தகடு கனத்ததற்கான இடைவெளியில் பிடியில்லாமல் நிற்கும். அதனால் நகர்வை முன்கூட்டியே கணித்து அந்தப் படியை வைக்க வேண்டும்.

தகட்டின் ஓரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் பிளாங்க் ஹோல்டர்தான் இங்கே நம் கையிலிருக்கும் முக்கியக் கருவி. வலுவான பக்கம் நீளப்போவதில்லை என்று மேலே பார்த்தோம். நீளாவிட்டால் என்ன, உள்ளே வழுக்கி வரலாமே! வலுவான பக்கத்தின் பிடியைத் தளர்த்தினால் அந்தப் பக்கத்து ஓரம் டைக்குள் நழுவி வந்து, தன் பங்கைக் கொடுக்கிறது. மென்மையான பக்கம் அவ்வளவு நீள வேண்டியதில்லை. வலுவான தகடு கனத்ததாகவும் இருந்தால், பிடி தளர்ந்தாலும் அவ்வளவு எளிதில் சுருக்கம் விழாது. மென்மையான பக்கத்தின் பிடியை எங்கே வைப்பது என்பது இரண்டு எல்லைகளுக்கு நடுவே உள்ள தேர்வு: இறுக்கினால் கிழியும், தளர்த்தினால் சுருக்கம் விழும். கூடவே கோடு இன்னும் அதிகமாக நகரும். இப்படி இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு விசை கொடுக்க, ஹோல்டரைத் துண்டுகளாகப் பிரித்துச் செய்வதும், தகட்டின் ஓட்டத்தைத் தடுக்கும் ட்ரா பீடுகளைப் பக்கத்துக்குப் பக்கம் வேறு உயரத்தில் வைப்பதும் வழக்கம்.

தடிமன் வேறுபடும் பிளாங்க்கில் ஹோல்டரின் முகத்திலும் அதே அளவு படி வேண்டும். தட்டையான ஹோல்டரை வைத்தால் அது கனத்த பக்கத்தின் மேல் மட்டும் உட்காரும்; மெல்லிய பக்கம் பிடியே இல்லாமல் அலைந்து சுருக்கம் விழும். 0.4 மி.மீ. படி என்றாலும் இதை விட்டுவிட முடியாது.

பிரஸ்ஸிலிருந்து வெளியே எடுத்ததும் தகடு சற்றுத் திரும்பி விரிவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வலிமை கூடிய பக்கம் அதிகமாகத் திரும்பும், மென்மையான பக்கம் குறைவாக. விளைவு, பாகம் முறுக்கிக்கொள்ளும். டையின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக ஈடு செய்ய வேண்டும்.

இந்தச் சிக்கல்களில் பெரும்பகுதியைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு பாதையும் இருக்கிறது, சூடாக அழுத்துவது. போரான் கலந்த 22எம்என்பி5 என்ற எஃகை 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சிவந்த நிலையிலேயே அழுத்தி, குளிர்ந்த டைக்குள்ளேயே வைத்துப் பதம் ஏற்றுவார்கள், அதாவது சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவார்கள். பாகம் 1500 மெகாபாஸ்கல் வலிமையோடு வெளியே வரும். இதை, பதம் ஏற்றிய பிறகும் 500 அளவிலேயே நிற்கும் ஒரு மென்மையான எஃகோடு முன்கூட்டியே வெல்டு செய்து, கார்களின் நடுத்தூணைச் செய்கிறார்கள். மேல் பகுதி மோதலில் வளையாமல் நிற்க, கீழ்ப் பகுதி நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ள. அழுத்தும் நேரத்தில் இரண்டு எஃகும் சூட்டில் மென்மையாகவே இருப்பதால், நாம் மேலே போட்ட கணக்கில் வந்த பெரிய ஏற்றத்தாழ்வு அந்த நேரத்தில் இல்லை. வலிமையின் வித்தியாசம் குளிர்ந்த பிறகுதான் பிறக்கிறது.

ஆனால் அங்கே சிக்கல் மறுபடி வெல்டுக்கே வந்து சேர்கிறது. இந்த எஃகின் மேல் சூட்டில் துருச் செதில் வராமலிருக்க அலுமினியமும் சிலிக்கானும் சேர்ந்த பூச்சு இருக்கும். வெல்டு செய்யும்போது அந்த அலுமினியம் உருகிய குளத்தில் கலந்துவிட்டால், அங்கே மென்மையான ஃபெரைட் அப்படியே தங்கிவிடுகிறது. பதம் ஏற்றும்போது வெல்டு முழுமையாக மார்ட்டென்சைட்டாக மாறாமல், 1500 மெகாபாஸ்கல் எஃகுக்குப் பக்கத்தில் பலவீனமான கோடாக நிற்கிறது. அதனால் வெல்டு செய்வதற்கு முன், விளிம்பை ஒட்டிய குறுகிய பட்டையில் பூச்சை இன்னொரு லேசரால் சுரண்டி எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் இரண்டு தகடுகளையும் சேர்க்கிறார்கள்.